ஒரே சட்டியில் சாப்பிடுவதா, இரண்டு மரத்தடியிலா? திருகோணமலைப் பக்கம் அளவைக்குப் போகிறவர்கள் எழுதுங்கள்

முக்காலி | ஞாயிறு, இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் 14 வருடமாகக் காணி அளக்கிறேன். வடக்கே தென்னமரவாடி, புல்மோட்டையில் தொடங்கித் தெற்கே வெருகல் வரைக்கும் நான் முக்காலி ஊன்றாத பிரிவு இல்லை. எந்தக் கருவி நல்லது, பழைய பிளானைப் புதிய ஆள்கூற்றுக்கு எப்படி மாற்றுவது என்றெல்லாம் இங்கே நிறையக் கதைத்திருக்கிறோம். ஆனால் வேலைக்குப் போன இடத்தில் ஐந்தாறு பேர் வாரக்கணக்கில் ஒன்றாக எப்படி இருக்கிறோம் என்று யாரும் எழுதக் காணவில்லை. எனக்கு இப்போது அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு பெரிய துண்டு. பாதி வயல், பாதி பற்றைக்காடு. விடுமுறைக் காலம் என்பதால் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கினோம். எனக்கு ஆசிரியர் அறை. உதவியாளர்கள் நாலு பேருக்கும் விறாந்தை. என் சாப்பாடு மூடின கோப்பையில் தனியாக வரும், அவர்கள் கிணற்றடியில் சட்டியைச் சுற்றி இருந்து சாப்பிடுவார்கள். நான் கேட்டு வந்த ஏற்பாடு இல்லை. பழகிய நாளில் இருந்தே அப்படித்தான், அதனால் அது என் கண்ணில் படவே இல்லை.

மூன்றாம் நாள் இரவு கணக்குப் பார்த்தால் ட்ரவர்ஸ் மூடவில்லை, அதாவது நிலையம் நிலையமாக அளந்து சுற்றி வந்த கோடு கணக்கில் பொருந்தி முடியவில்லை. பிழை கோணத்தில். எந்த நிலையத்தில் என்று பிடிபடவில்லை. காட்டுக்குள் வெட்டின கோடுகள் எல்லாம் குறுகியவை, 20 மீட்டர், 30 மீட்டர் என்று. தொழில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 100 மீட்டர் கோட்டில் முக்காலியின் மையம் 5 மில்லிமீட்டர் தவறினால் கோணத்தில் 10 செக்கன்தான் (ஒரு செக்கன் என்றால் பாகையில் 3600இல் ஒரு பங்கு) போகும். அதே 5 மில்லிமீட்டர் 20 மீட்டர் கோட்டில் 50 செக்கனைத் தாண்டிவிடும். யாரோ எங்கேயோ எதையோ தொட்டிருக்க வேண்டும். கேட்டேன். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். இரண்டு நாள் திரும்ப அளந்தோம்.

வேலை முடிந்து சாமான் ஏற்றும்போது ஆக இளைய தம்பி பக்கத்தில் வந்தான். "சேர், ஏழாம் நிலையத்தில தண்ணிப் போத்தல் எடுக்கக் குனிஞ்சபோது முக்காலியில கால் பட்டுட்டுது. குமிழைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்திட்டன். அதால சொல்லேல்ல" என்றான். கருவி மட்டமாக நிற்பதைக் காட்டும் குமிழ் நடுவுக்கு வந்துவிட்டது, கருவியின் மையம் கீழே அடித்த கட்டையை விட்டு விலகிவிட்டது. மற்ற மூன்று பேருக்கும் அது அன்றிரவே தெரியுமாம். கிணற்றடியில் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறான். நான் இருந்த அறைக்கும் அந்தக் கிணற்றுக்கும் இருபது அடிகூட இல்லை.

தம்பியில் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இருபது அடிதான் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு எங்கே போனாலும் மூன்று வேளையும் அவர்களோடு இருந்துதான் சாப்பிடுகிறேன். பிழை நடந்தால் அன்றைக்கே என் காதில் விழ வேண்டும் என்றால் இதுதான் வழி என்று நம்புகிறேன். உங்கள் குழுக்களில் எப்படி?


கொம்பாஸ் | ஞாயிறு, இரவு 9.35

அண்ணை, நல்ல நேரத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் பெலிஹுல்ஓயாவில் சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் ஜியோமெடிக்ஸ் (நில அளவைப் படிப்பு) முடித்துவிட்டு இப்போதுதான் வேலைக்கு வந்தவன். இன்னும் இரண்டு வாரத்தில் திரியாய்ப் பக்கம் முதல் நீண்ட பயணம். நாலு வருடத்தில் செய்மதி, தரவு, வழு எல்லாம் படித்தோம். என் அப்பாவின் வயதில் இருக்கும் ஒருவர் என்னைச் "சேர்" என்று கூப்பிட்டு என் பையையும் தூக்க வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் அவரை அண்ணை என்கிறேன். அப்படிச் சொன்னால் அவருக்குச் சங்கடம், சொல்லாவிட்டால் எனக்குச் சங்கடம்.

முதல் நாளில் இருந்தே சேர்ந்து சாப்பிடலாமா, இல்லை கொஞ்சம் பழகின பிறகா?


வெருகல்கரை | திங்கள், காலை 6.10

நான் 34 வருடம் அளவை உதவியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். தம்பிமார் கதைப்பதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

அந்த நாளில் திருகோணமலையில் இருந்து வெருகலுக்குப் போவது என்றால் ஒரு முழு நாள். கிண்ணியா, உப்பாறு, கெங்கை, இறால்குழி, வெருகல் என்று ஆறு வரும் இடமெல்லாம் பாதை ஏற வேண்டும். இளைய பிள்ளைகளுக்குப் பாதை என்றால் றோட்டு. எங்களுக்குப் பாதை என்றால் வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி ஆற்றைக் கடத்தும் மிதவை. 2009இல் கிண்ணியாவில் 396 மீட்டர் நீளப் பாலம் திறந்தார்கள். மற்ற ஆறுகளுக்கும் ஒவ்வொன்றாகப் பாலம் வந்தது. நல்லதுதான். ஆனால் பாதைக்குக் காத்திருந்த அந்த நேரத்தில் சேரும் எங்களோடு கரையிலேதான் இருக்க வேண்டும். வேறு எங்கே போவார்? தயிர்ச் சட்டி வாங்குவோம், சீனி போட்டு ஒரே சட்டிக்குள் கை விடுவோம். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆறு அப்படி இருத்தி வைத்தது. மூதூர்க் கரையில் இருந்து கொண்டு, 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற வெள்ளைக்காரன் இந்தக் கொட்டியாரக் குடாவில்தான் பிடிபட்டான் என்ற கதையை எனக்குச் சொன்னது ஒரு சேர்தான். இன்று டபுள் கேப்பில் ஏறினால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் வெருகல். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

நான் சேர்ந்தபோது ஸ்டீல் டேப் வந்துவிட்டது. மூத்தவர்கள் மட்டும் சங்கிலிக் கணக்கிலேயே கதைப்பார்கள். ஒரு சங்கிலி 66 அடி, 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். சங்கிலியோ டேப்போ, முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர். பின்னுக்கு நிற்பவன் தவறாகப் படித்தால் சேருக்குத் தெரியாது, முன்னுக்கு நிற்பவனுக்குக் கையில் இழுவை மாறுவது தெரிந்துவிடும். அவன் வாயைத் திறந்தால்தான் அளவு சரி. முக்காலித் தம்பி சொல்வது அந்த வகையில் முழு உண்மை.

ஆனால் இரண்டு விஷயத்தில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன்.

ஒன்று, மூன்று வேளையும் எங்களோடு இருக்காதீர்கள். சம்பளம், லீவு, வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை, இன்றைக்குச் சேர் ஏன் அப்படி ஏசினார், இதெல்லாம் கதைக்க எங்களுக்கும் ஒரு நேரம் வேண்டும். ஒரு சேர் எங்களோடேயே சாப்பிட்டு, எங்களோடேயே படுத்தார். அருமையான மனிதர். அந்த மாதம் முழுக்க எங்களில் ஒருவரும் மனம் விட்டுச் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு ஏன் இப்படி இருந்தோம் என்று நாங்களே வருத்தப்பட்டோம்.

இரண்டு, அந்தத் தம்பி சொல்லாமல் விட்டது தூரத்தால் மட்டும் இல்லை. அதற்கு முன் வேறு ஒருவன் எதையோ சொல்லி வாங்கிக் கட்டியதை அவன் பார்த்திருப்பான். நன்றாக யோசித்துப் பாருங்கள், தம்பி.


பழைய தியோடலைட் | திங்கள், காலை 10.20

ஐயா வெருகல்கரைக்கு என் வணக்கம். நான் நில அளவையாளனாக 30 வருடத்துக்கு மேல் இருந்தவன். முக்காலி சொல்லும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

நில அளவைத் திணைக்களம் 1800 ஓகஸ்ட் 2இல் தொடங்கியது. அவ்வளவு காலத்தில் ஊறி வந்த ஒழுங்கில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பெருமையும் கலந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் காரணமும் இருக்கிறது. காட்டில் ஒருவர் முடிவெடுக்க வேண்டும். யானை வருகிறது, மழை இருட்டுகிறது, கோட்டை விட்டுவிட்டுத் திரும்புவதா என்று கேட்டால் ஐந்து பேர் ஐந்து கதை சொல்லும் இடம் அது இல்லை. குழுவில் ஒருவரோடு சேர் அதிகம் ஒட்டினார் என்றால் மற்ற மூவரும் அதைக் கவனிப்பார்கள்.

சாப்பாடு என்றால் எனக்கு இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: யாருடைய சாப்பாடு? தம்பலகாமப் பக்கம் ஓர் எல்லைத் தகராறு. வெயில் தாங்காமல் ஒரு பக்கத்துக்காரர் வெட்டித் தந்த இளநீரைக் குடித்துவிட்டேன். மற்றப் பக்கத்துக்காரர் வேலிக் கதியால்களுக்கு இடையால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அதை ஒருநாளும் நம்பவில்லை. "இளநீர் குடிச்ச பிளான்" என்றே ஊரெல்லாம் சொன்னார். அதன் பிறகு காணிக்காரர் தரும் தண்ணீரைக்கூட நானோ என் குழுவோ தொட்டதில்லை. எங்கள் போத்தல், எங்கள் சட்டி.


காணிக்காரி | திங்கள், பிற்பகல் 2.05

நான் அளவை தெரிந்தவள் இல்லை. என் மகன்தான் இந்த இழையைக் காட்டினான். நாங்கள் சம்பூர்ப் பக்கம். 2006இல் சண்டையால் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள். பல வருடம் கழித்துத் திரும்பிப் போனபோது காணியில் வேலி இல்லை, வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும், ஆளுயரத்துக்குப் பற்றை. கிணறு மட்டும் தூர்ந்த நிலையில் இருந்தது. காணி உறுதி நனைந்து கிழிந்திருந்தாலும் கையில் வைத்திருந்தேன்.

அளக்க வந்தவர்கள் இரண்டு மரத்தடியில் சாப்பிட்டதை நானும் கண்டேன். சேர் வேப்ப மரத்தடியில், மற்றவர்கள் தள்ளி ஒரு பாலை மரத்தடியில். இந்தக் கிணற்றில் இருந்து மேற்கே பத்து எட்டு (காலடி) வைத்தால் எங்கள் எல்லைக்கல் என்று அப்பா சொல்லுவார் என்று சேரிடம் சொன்னேன். அவர் பிளானைப் பார்த்தபடி "பார்ப்போம் அம்மா" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அன்று அவருக்கு எங்கள் காணி மாதிரிப் பத்துக் காணி. வயதான உதவியாளர் ஒருவர்தான் நான் சொன்னதை நின்று கேட்டார். சாப்பிட்டு முடித்து மற்றவர்கள் சரிந்து கிடந்த நேரத்தில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் எட்டு வைத்துப் பார்த்து, ஓர் இடத்தில் வெட்டினார். ஒரு முழத்துக்குக் கீழே கல் இருந்தது. நான் அந்தக் கல்லைத் தொட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அந்த மனிதர் ஒரு மரத்தடியில் இருந்து மற்ற மரத்தடிக்குப் போய்ச் சேரிடம் சொல்லத் தயங்கி நின்றார். சாப்பிடுகிற நேரமாம். கடைசியில் நான்தான் போய்ச் சொன்னேன். சேர் உடனே எழும்பி வந்து பார்த்தார், அவருக்கும் சந்தோசம். நான் அங்கே நிற்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைப்பதுண்டு.

இன்னொன்று. தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோனேன். வேண்டாம் என்றார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் சொந்தக் காணியில் நான் ஊற்றின முதல் தேத்தண்ணி அது. அன்று மனம் மிகவும் நொந்தது. ஏன் குடிக்கவில்லை என்று இன்றைக்குத்தான், தியோடலைட் ஐயா எழுதினதைப் படித்த பிறகுதான் விளங்குகிறது.


கிண்ணியா வாசி | திங்கள், மாலை 5.40

அந்தத் தாயின் எழுத்தைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

நானும் உதவியாளர்தான், இப்போதும் வேலையில் இருக்கிறேன். எங்கள் குழுவில் இரண்டு பேர் இந்து, நான் முஸ்லிம், ஒருவர் கோமரங்கடவலைச் சிங்களவர். ஒரே சட்டி என்று சொல்வது லேசு, எங்கள் சட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். இறைச்சி என்றால் நான் வாங்கிக் கொண்டுவருவதுதான், அதனால் ஹலால் பற்றிக் கதை இல்லை. மாட்டிறைச்சி பொதுச் சட்டியில் ஏறாது, அது நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. வெள்ளிக்கிழமை அவர்களுக்கு மரக்கறி, எனக்கு ஜும்மா. அன்று பருப்பும் பூசணிக்காயும், பன்னிரண்டு மணிக்கு வேலை நிற்கும். போயா (பௌர்ணமி) அன்று சிங்கள அண்ணன் பன்சலைக்கு, அதுதான் விகாரைக்கு, போய்விட்டு வருவார், வரும்போது கிரிபத் (பாற்சோறு) கொண்டுவருவார். கருவாடு மட்டும் எல்லா மதத்துக்கும் பொது.

நோன்பு காலத்தில் ஒரு தடவை கந்தளாய்ப் பக்கம் மூன்று வாரம் நின்றோம். நான் சஹருக்கு 4 மணிக்கு எழும்பிச் சத்தம் போடாமல் சாப்பிடுவேன். மூன்றாம் நாள் பார்த்தால் எனக்கு முன்னரே அடுப்பு எரிகிறது. மற்ற மூன்று பேரும் எழும்பி இருக்கிறார்கள். சேர் வேலையை ஐந்தரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடித்தார். நடுப்பகல் கோடு வெட்டும் வேலையை என்னிடம் தரவில்லை, அதைத் தரவில்லை என்று சொல்லிக் காட்டவும் இல்லை. உண்மையில் அது அளவுக்கும் நல்லதாகப் போனது. மத்தியான வெயிலில் நிலத்தில் இருந்து கானல் ஏறும், பிரிசம் (கருவி குறிபார்க்கக் கோலில் பிடிக்கும் கண்ணாடி) தண்ணிக்குள் கிடப்பதுபோல ஆடும்.

மொழி விஷயமும் உண்டு. "இடம், இடம்" என்று தமிழில் கத்தினால் சிங்கள அண்ணன் நின்ற இடத்திலேயே நிற்பார், இடம் என்றால் நிற்கும் இடம் என்றுதான் அவர் படித்து வைத்திருக்கிறார், இடப்பக்கம் என்று இல்லை. சிங்களத்தில் "வமட்ட" (இடப்பக்கம்) என்றால் தமிழ்த் தம்பி விழிப்பான். கடைசியில் வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் காட்டினோம். ஒரு கை நீட்டினால் அந்தப் பக்கம், இரண்டு கையும் மேலே போனால் சரி.


நெய்தல் | திங்கள், இரவு 9.15

நான் நில அளவையாளர், பெண். எட்டு வருடமாகக் களத்தில் இருக்கிறேன். முக்காலி அண்ணன் எழுதியதில் எனக்கு மரியாதை இருக்கிறது. ஆனால் படிக்கும்போதே ஒரு கேள்வி எழுந்தது: அந்தச் சட்டியடியில் என்னைப்போல ஒருத்தி எங்கே இருக்கிறாள்?

பாடசாலை விறாந்தையில் நான் படுக்க முடியாது. ஊரில் யாராவது ஒரு குடும்பத்தோடு தங்குவேன். இரவு ஏழு மணிக்குப் பிறகு குழுவில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நாளைக்கு எந்தப் பக்கத்தால் தொடங்குவது, யாருக்குக் காலில் முள் ஏறி வீங்கியிருக்கிறது, யார் லீவு கேட்கப் போகிறார், இதெல்லாம் அங்கே முடிவாகி, காலையில் எனக்குத் தகவலாக வரும். நீங்கள் இரவுச் சாப்பாட்டை வேலை கதைக்கும் இடமாக ஆக்கினால் என்னை வெளியே வைத்துத்தான் கதைப்பீர்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் அப்படித்தான் முடியும்.

சாப்பாட்டைவிடத் தண்ணீரைப் பற்றி எழுத வேண்டும். முதல் வருடம் குச்சவெளிப் பக்கம் வேலை. ஓகஸ்ட், கச்சான் காற்று நெருப்பாக அடிக்கிறது. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும், ஐந்து ஆண்களுக்கு நடுவில் எப்படிச் சொல்வது என்று குடிக்காமலேயே இருந்தேன். மூன்றாம் நாள் சலக்கடுப்பு, நாலாம் நாள் காய்ச்சல். நம் மாவட்டத்திலேயே பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்று தெரிந்துகொண்டே அப்படிச் செய்தேன். களத்துக்கு வரும் தங்கைமாரே, அதைச் செய்யாதீர்கள்.

நான் திரும்பி வந்த அன்று, குழுவின் மூத்தவர் வேலை தொடங்கும் முன் கத்தியோடு கோட்டை விட்டுப் பக்கவாட்டில் ஒரு சிறு வழி வெட்டினார். கொஞ்சத் தூரத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு படங்கு கட்டினார். திரும்பி வந்து, "மகள், அங்கால பாம்பு பூச்சி பார்த்தாச்சு" என்றார். அவ்வளவுதான். அதுவரை என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார், பிறகும் "மிஸ்" என்றுதான் கூப்பிட்டார். அந்த ஒரு தடவை மட்டும் மகள். அன்றில் இருந்து எங்கே கோடு வெட்டினாலும் முதலில் அந்தச் சிறு வழி வெட்டப்படும். இளையவர்களுக்கும் அவர் பழக்கிவிட்டார். நான் யாரிடமும் கேட்டதில்லை, யாரும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதும் இல்லை.

அதனால் என் யோசனை இது. இரவுச் சட்டியை விட்டுவிடுங்கள், அது ஐயா வெருகல்கரை சொன்னதுபோல உதவியாளர்களுடைய நேரமாகவே இருக்கட்டும். காலையில் ஐந்தரைக்கு வாகனத்தடியில் எல்லோருக்கும் ஒரு தேத்தண்ணி. நேற்று யாருக்கு என்ன தவறியது, எதில் சந்தேகம் என்று அங்கே சொல்லலாம். முதலில் நான் என் தவறைச் சொல்வேன், எப்போதும் ஒன்று இருக்கும். முந்தநாள் பிரிசத்தின் உயரத்தை மாற்றின பிறகு கருவியில் பழைய உயரத்தையே விட்டுவிட்டேன். சொன்னேன். மற்றவர்களும் சொல்லத் தொடங்கினார்கள்.


ஸ்டியரிங் | செவ்வாய், காலை 5.05

எல்லோரும் எழுதிவிட்டீர்கள், ஓட்டுநரை மறந்துவிட்டீர்கள். பகல் முழுக்க நானும் வெயிலில்தான் நிற்கிறேன், கோடு வெட்டுகிற இடத்தில் கை கொடுக்கிறேன். இரவு எட்டு மணிக்குப் பற்றரி சார்ஜ் பண்ண வேண்டும், ரவுணுக்குப் போய் வா என்கிறார்கள். அல்லை, கந்தளாய் றோட்டுகளில் அந்த நேரம் யானை ஏறும். முன்னால் யானை நின்றால் ஹோர்ன் அடிக்கக் கூடாது, லைட்டைப் பெரிதாகப் போட்டு அடிக்கக் கூடாது, நல்ல தூரத்தில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஒரு மணித்தியாலம்கூட நின்றிருக்கிறேன், தனியாக.

சேர்ந்து சாப்பிடுவது நல்லது. நான் வந்து சேரும் வரைக்கும் காத்திருந்தால் இன்னும் நல்லது.


வெருகல்கரை | செவ்வாய், காலை 6.30

ஸ்டியரிங் தம்பி சொன்னது சரி. எங்கள் காலத்தில் ஓட்டுநர் வராமல் சட்டியைத் திறக்க மாட்டோம். பிறகு எப்படியோ விட்டுப் போய்விட்டது.

காணிக்காரி தங்கச்சி எழுதியதைப் படித்தபோது எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் எங்களுக்கு வேலை. கடலில் இருந்து தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அப்போது அரசாங்கம் ஓர் ஒதுக்குக் கோடு சொன்னது. பிறகு அதைக் குறைத்தார்கள். அந்த 200 மீட்டரைக் காட்டக் கட்டை அடித்தவர்களில் நானும் ஒருவன். எல்லைக்கல்லும் இல்லை, வேலியும் இல்லை, தென்னைகள் சரிந்து கிடக்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்தவர் தன் அத்திவாரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், நாங்கள் அவருக்குப் பின்னால் கட்டை அடிக்கிறோம். அவர் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அன்றிரவு சோறு சமைத்தோம், ஒருவரும் தொடவில்லை. சேர் எழும்பிப் போய் வெளியே ஒரு கல்லில் தனியாக இருந்தார். எங்களில் மூத்தவர் இரண்டு கோப்பை தேத்தண்ணியோடு போய் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். இரண்டு பேரும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. விடிய நாலு மணி வரைக்கும் அப்படியே இருந்தார்கள். வீட்டுக்குப் போய் மனைவியிடம் நான் இதைச் சொல்லவில்லை. அந்தக் குழுவில் இருந்தவர்களுக்கு மட்டும் சொல்லாமலேயே தெரியும். இன்றைக்கும் எங்களில் யாரையாவது சந்தையில் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்போம்.


பழைய தியோடலைட் | செவ்வாய், பகல் 11.45

ஐயா, நானும் அந்த நாட்களில் வேறு ஒரு கரையில் கட்டை அடிப்பித்தவன். தனியாகத்தான் இருந்தேன். தேத்தண்ணி கொண்டுவர யாரும் துணியவில்லை. அது அவர்களின் குறை இல்லை.

காணிக்காரித் தங்கச்சிக்கு: தேத்தண்ணியை மறுத்தது சரி என்றுதான் இன்னும் சொல்வேன். ஆனால் ஏன் மறுக்கிறோம் என்று உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். "அம்மா, குடித்தால் பக்கத்துக் காணிக்காரர் நாளைக்கு உங்கள் பிளானைச் சந்தேகப்படுவார்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். முப்பது வருடத்தில் அந்த ஒரு நிமிடத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

நெய்தலின் காலைத் தேத்தண்ணியை ஏற்கிறேன். முடிவு சேருடையது, தகவல் எல்லோருடையது. அதில் ஒழுங்கு கெடாது.


கொம்பாஸ் | செவ்வாய், இரவு 8.10

நான் இன்று எங்கள் மூத்த உதவியாளரிடம் நேராகவே கேட்டேன், உங்களை என்னவென்று கூப்பிடட்டும் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேலையில நீங்க சேர், நான் அண்ணை. அதை மாத்த வேண்டாம். பையை மட்டும் நீங்களே தூக்குங்கோ" என்றார். பை பிரச்சினை முடிந்தது.

திரியாயில் பற்றரிக்கு என்ன செய்யலாம்? ஓட்டுநர் அண்ணனை இரவில் அனுப்ப எனக்கு இனி மனம் வராது.


ஸ்டியரிங் | செவ்வாய், இரவு 8.40

தம்பி, வாகனத்தில் இருந்து சார்ஜ் பண்ண ஓர் இன்வேர்ட்டர் வாங்குங்கள். பகலில் நான் வாகனத்தடியில் நிற்கும்போது ஒவ்வொன்றாக மாற்றிவிடுவேன். கோயிலிலோ கடையிலோ கேட்டாலும் தருவார்கள், ஆனால் காணி அளக்கிற ஊரில் கரண்டும் இளநீர் மாதிரித்தான்.


முக்காலி | புதன், இரவு 9.25

மூன்று நாளாக ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வெருகல்கரை ஐயா, நீங்கள் யோசிக்கச் சொன்னதை யோசித்தேன். ஈச்சிலம்பற்று வேலையின் முதல் நாள், பிரிசக் கோலை ஒருவர் கல்லில் விழுத்திவிட்டு ஓடிவந்து சொன்னார். நான் எல்லோருக்கும் முன்னால் அவரை ஏசினேன். கோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எனக்கு மறந்தே போயிருந்தது. இளைய தம்பி அன்று அங்கேதான் நின்றான். நான் இருபது அடியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் வாயை அடைத்தது மூன்றாம் நாள் இல்லை, முதல் நாள். நேற்று அவனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கோலை விழுத்தினவருக்கும் எடுத்தேன். அவர் இப்போது வேறு குழுவில். "அதையா இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறீங்கள் சேர்" என்று கேட்டார். அவரும் மறக்கவில்லை என்று குரலில் தெரிந்தது.

வரும் திங்கள் தோப்பூர்ப் பக்கம் இரண்டு வார வேலை தொடங்குகிறது. இரவுச் சாப்பாட்டை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். காலையில் வாகனத்தடியில் தேத்தண்ணி, என் தவறு முதலில். மத்தியானம் எல்லோரும் ஒரு மரத்தடி, யாருக்காவது என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் இன்னொரு மரத்துக்கு நடக்க வேண்டியதில்லை. ஸ்டியரிங் அண்ணன் சொன்னபடி, ஓட்டுநர் வந்த பிறகுதான் சட்டி திறக்கும். நாலு பேரிடமும் கேட்டேன். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருவர் "பார்ப்போம் சேர்" என்றார். அதுவும் நியாயம்தான்.


வெருகல்கரை | வியாழன், காலை 6.00

நல்லது தம்பி. பாத்திரம் கழுவுவதற்கு முறை போடுவார்கள். அதில் உங்கள் பெயரும் இருக்கிறதா?


முக்காலி | வியாழன், காலை 6.20

இல்லை ஐயா. இப்போது எழுதிவிட்டேன். திங்கள் என் முறை.